ஜூன் மாதக் கடற்கரை: தூத்துக்குடியிலிருந்து வர்க்கலா வரை

ஜூன் 5, 2023, திங்கள் – தூத்துக்குடி

மதுரையில் ஆறரை மணிக்கு வண்டியை எடுத்து, ஒன்பதுக்கு முன்னாலேயே தூத்துக்குடி வந்துவிட்டோம். கார் கதவைத் திறந்து இறங்கியதும் சித்தி கேட்டாள்: "கடல் பக்கத்துல இருக்குன்னு சொன்னியேடி, அடுப்புப் பக்கத்துல இல்ல கொண்டு வந்து நிறுத்தியிருக்க?"

நியாயமான கேள்விதான். கடலோர ஊர் என்றால் வெயில் கொஞ்சம் தணிந்திருக்கும் என்பது நம் நினைப்பு. மே கடைசியிலிருந்து தூத்துக்குடியில் அது நடப்பதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டும்போதே ஈரத்தையெல்லாம் அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, வெறும் சூட்டோடு மேல்காற்று இறங்கி வருகிறது. அது பலமாக அடிக்கிற நாட்களில் கடல்காற்று கரைக்குள் நுழையவே மதியம் மூன்று, நான்கு மணி ஆகிறது. சில நாள் நுழைவதே இல்லையாம். விடுதியில் சாவி கொடுத்த தம்பி இதை ஒரே வரியில் சொன்னான்: "இப்ப மேக்க இருந்து அடிக்குக்கா. கெழக்க இருந்து அடிச்சாத்தான் நமக்கு ஏசி."

மதியச் சாப்பாட்டுக்குப் போன மெஸ்ஸில் மீன் வகைகளைக் கேட்டால், பரிமாறியவர் இரண்டே இரண்டு பெயர் சொன்னார். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் வரிசை கட்டி நிற்க, நாட்டுப்படகில் வருவதுதான் ஊருக்கே மீன். ஊளி மீன் வறுவல் ஒரு துண்டு 180 ரூபாய். "மத்த நாள்ல 110 தான், சொல்லிட்டுத்தான் வைப்பேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தார். குழம்பில் தேங்காய் குறைவு, புளி தூக்கல். சூடு தாங்காமல் மோர் நான்கு டம்ளர் குடித்தேன், அதற்குக் காசே வாங்கவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே செய்தி வந்தது. வெயிலால் பள்ளிக்கூடத் திறப்பை மறுபடியும் தள்ளிவைத்துவிட்டார்கள். முதலில் ஜூன் 1, அப்புறம் ஜூன் 7, இப்போது ஆறாம் வகுப்புக்கு மேல் ஜூன் 12. பையன் எட்டாம் வகுப்புக்குப் போகிறவன். மெஸ் என்று பார்க்காமல் ஒரு கத்தல் போட்டான். திருச்செந்தூர் போய்விட்டு நாளை இரவே திரும்புவதாக இருந்த நாங்கள், அந்த இலை முன்னாலேயே முடிவு செய்தோம்: சரி, கரையைப் பிடித்துக்கொண்டே கீழே போவோம், பையனின் பள்ளிக்கூடம் கூப்பிடுகிற வரை. என் வீட்டுக்காரர் மட்டும் அலுவலகத்துக்கு நாலு முறை போன் செய்தார்.

சாயங்காலம் மக்ரூன் வாங்கினோம். முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்ந்த அந்தக் கூம்பு வடிவத் தின்பண்டம், கால் கிலோ 240 ரூபாய். கடைக்கார அண்ணாச்சி, "நல்ல நேரத்துல வந்திய. காத்து காஞ்சு கெடக்கு, பெட்டியத் தொறந்து வச்சாலும் மொறுமொறுன்னு இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில வாங்கினா வீடு போறதுக்குள்ள நமுத்துப்போயிரும்" என்றார். வானிலை அறிக்கையில் ஈரப்பதம் இத்தனை சதவீதம் என்று படிப்பதைவிட இது எனக்கு நன்றாகப் புரிந்தது.

ஜூன் 6, செவ்வாய் – உப்பளம், தேரி, திருச்செந்தூர்

வெயில் ஏறுவதற்குள் உப்பளம் பார்த்துவிட வேண்டும் என்று ஐந்தேகாலுக்கே எழுப்பினார் இவர். முள்ளக்காடு பக்கம் போனபோது மணி ஐந்தே முக்கால். நமக்கு அது விடிகாலை, அங்கே வேலை பாதி முடிந்திருந்தது. இரவு மூன்று மணி, நான்கு மணிக்கெல்லாம் இறங்கிவிடுகிறார்கள். வெயில் வந்தால் சூடு மட்டும் இல்லை, வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் கண்ணையே கெடுத்துவிடுகிறது.

வரப்பில் நின்று ஒரு பாத்தியை உற்றுப் பார்த்தேன். கணுக்கால்கூட நனையாத ஆழத்தில் தண்ணீர். மேலே மெல்லிய ஏடு படிந்திருக்கிறது, பாலில் ஆடை கட்டுகிற மாதிரி. காற்று ஒரு வீச்சு வீசியதும் அந்த ஏடு சுருங்கி, உடைந்து, ஓரத்துக்கு ஒதுங்கி, அடியில் உட்கார்கிறது. அடியில் ஏற்கெனவே சின்னச் சின்னச் சதுரங்களாகப் பரல் பரலாகக் கிடக்கிறது உப்பு. நீளக் கம்பில் மாட்டிய பலகையால் அதை வாரி வரப்புக்கு இழுத்தார் ஒரு அக்கா. தலையில் துண்டு, சேலைக்கு மேலே ஆண்கள் சட்டை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ்.

"இந்தக் காத்துல நிக்கவே முடியலையேக்கா, எப்படி வேலை பாக்குறீங்க?" என்று கேட்டேன்.

"காத்து இப்படி அடிச்சாத்தாம்மா உப்பு. வெயில் மட்டும் இருந்து காத்து நின்னுருச்சுன்னு வைங்க, தண்ணி அப்படியே கெடக்கும்" என்றார். பேசும்போதும் பலகை நிற்கவில்லை. மழை முடிந்து தை, மாசியில் பாத்தியைச் சீர் செய்து தொடங்கினால் புரட்டாசி வரை உற்பத்தி. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் அம்பாரத்தை ஓலை போட்டு மூடிவிட்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான். அந்த மூன்று மாதத்துக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. மூன்று மாதத்துக்கும் சேர்த்து 5,000. கூலி எவ்வளவு என்று கேட்டதற்குச் சிரித்தார், பதில் சொல்லவில்லை. கிளம்பும்போது பையனின் கையில் ஒரு பிடி பரல் உப்பை வைத்து, "வீட்டுல கொழம்புக்குப் போடு" என்றார்.

ஆக, தூத்துக்குடி போக எது நல்ல நேரம் என்று யாராவது கேட்டால், யார் கேட்கிறார்கள் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். உப்பு விளைவதைப் பார்க்க வேண்டுமானால் இந்தக் கொடுமையான மாதங்களில்தான் வர வேண்டும். மனிதன் நடமாட என்றால் தை, மாசி.

(டிசம்பரில் இந்தப் பதிவைத் திருத்தி இந்த வரிகளைச் சேர்க்கிறேன். டிசம்பர் 17, 18 தேதிகளில் நாங்கள் சுற்றிய இதே பகுதி தண்ணீரில் மூழ்கிவிட்டது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியிருக்கிறது. ஒரு வருஷம் முழுக்கவே அவ்வளவு பெய்யாத ஊர் அது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி, பயணிகள் சாப்பாடு இல்லாமல் தவித்தார்கள். மார்கழி பிறந்தாயிற்று, மழை ஓய்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டு டிசம்பரில் டிக்கெட் எடுப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். தை பிறக்கட்டும்.)

அங்கிருந்து காயாமொழி. திருச்செந்தூருக்குப் பக்கத்தில் இப்படி ஓர் இடம் இருப்பது தெரியாமலே பத்து முறையாவது கோயிலுக்கு வந்து போயிருப்போம். தேரிக்காடு. கடல் பக்கத்தில் இருந்தும் வெள்ளை மணல் இல்லை, செக்கச் சிவந்த மணல், மேடு மேடாக. இதுவும் காற்று செய்த வேலைதான். மலையடிவாரச் சமவெளியில் இரும்புச் சத்துள்ள செம்மண்ணை இந்தத் தென்மேற்குக் காற்று வாரிக்கொண்டு வந்து, கடலோரம் வரும்போது வேகம் குறைந்து இறக்கிவைத்துவிட்டுப் போகிறது. ஆயிரக்கணக்கான வருஷமாக நடக்கிறது. காற்றுக் காலத்தில் மேடுகள் இடம் மாறும் என்றார் அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தா. முந்திரியும் பனையும் நட்டபிறகு குறைந்திருக்கிறதாம். பதினொரு மணிக்குப் பையன் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினான், போன வேகத்தைவிடத் திரும்பி வந்த வேகம் அதிகம்.

ரோட்டோரத்தில் பதநீர். பனை ஓலையை மடித்துப் பட்டை கட்டி, அதில் ஊற்றி, மேலே நுங்கைப் பிய்த்துப் போட்டு, 50 ரூபாய். கலயத்துக்குள் பூசிய சுண்ணாம்பின் மணம் லேசாக வர, பின்னாலேயே பச்சை ஓலை வாசம். பட்டையின் நுனியை உதட்டில் வைத்துச் சாய்க்கத் தெரியாமல் பாதியை இவர் சட்டைக்கே கொடுத்தார். விற்றவர் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கரண்டி ஊற்றினார். ஆடியோடு பதநீர் முடிந்துவிடும். ஊர்க்காரர்கள் சீசன் என்று சொன்னால் இதைத்தான் சொல்கிறார்கள், விடுதிக்காரர்கள் சொல்கிற சீசன் வேறு.

திருச்செந்தூர் பற்றி எழுத அதிகம் இல்லை. வைகாசி விசாகம் ஜூன் 2-ஆம் தேதியே முடிந்தும் கூட்டம் குறையவில்லை, லீவு நீண்டதில் எல்லாருக்கும் முருகன் ஞாபகம் வந்திருக்கிறது. அறைக்கு வழக்கமான வாடகையைப் போல இரண்டு மடங்கு கேட்டார்கள், கொடுத்தோம். பிராகாரத்துக் கல்லில் கால் வைக்க முடியாமல் சித்தி தண்ணீர் பாட்டிலை ஊற்றி ஊற்றி நடந்தாள்.

ஜூன் 7, புதன் – மணப்பாடு, உவரி, கன்னியாகுமரி

மணப்பாட்டில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற மணல் குன்று. அதன்மேல் 1581-இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில். குன்றின் பக்கவாட்டில், 1542-இல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்கிற குகை. உள்ளே போனதும் காற்றுச் சத்தம் அறுந்துபோகிறது. வெளியே வந்தால் கெண்டைக்காலில் மணல் ஊசி ஊசியாகக் குத்துகிறது. சேலை கட்டியிருந்த சித்திக்குப் பரவாயில்லை, அரைக்கால் சட்டை போட்ட பையன்தான் துள்ளினான்.

கீழே படகு நிழலில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "இது கச்சான் காத்து, மேக்க இருந்து அடிக்குறது. ஆனி, ஆடி ரெண்டு மாசமும் பாடுதான். ஐப்பசியில வாடை பொறந்தாத்தான் இந்தக் கரை குளுரும்" என்றார். தடைக்காலத்தில் வலை வேலைதான். "லீவு விட்டா பிள்ளைகளுக்குச் சந்தோசம். எங்களுக்கு லீவு விட்டா கடன்." நிவாரணப் பணம் உண்டு, ஆனால் அது வலைக்கே பத்தாது என்றார். சித்தி பையிலிருந்து மக்ரூன் எடுத்துக் கொடுத்தாள். ஒன்றே ஒன்று எடுத்துக்கொண்டு, "மத்தது பையனுக்கு" என்று பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டார்.

உவரியில் அந்தோணியார் கோயில் பார்த்துவிட்டு, கூடங்குளம் வழியாக வந்தோம். அதற்கப்புறம் வழிநெடுகக் காற்றாலைகள். அஞ்சுகிராமம் வரும் வரை கண்ணுக்கு எட்டும் தூரமெல்லாம் இறக்கை சுற்றுகிறது. காரணம் வடமேற்கே இருக்கிற ஆரல்வாய்மொழிக் கணவாய். மலைத்தொடரில் அங்கே ஓர் இடைவெளி இருப்பதால், அரபிக்கடல் காற்று அதற்குள் நெருக்கியடித்து நுழைந்து வேகம் பிடித்து வெளியே வருகிறது. அந்த வாயிலேயே இருக்கிற முப்பந்தலில்தான் பெரிய காற்றாலைக் கூட்டமே. மே முதல் செப்டம்பர் வரை அறுவடை. தமிழ்நாட்டு வீடுகளில் ஜூலையில் ஓடுகிற மின்விசிறியில் இந்தக் காற்றுக்கும் பங்கு உண்டு. நாங்கள் டீ குடித்த கடையில் மட்டும் அதே காற்று கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. டீ மாஸ்டர் கிளாசை மேஜையில் வைக்கவில்லை, கையிலேயே கொடுத்தார். "வச்சா பறந்துரும், பாதி டீதான் கிடைக்கும்."

கன்னியாகுமரியில் இறங்கும்போது மணி ஐந்து. வெயில் இல்லை, மேகம். தூத்துக்குடியிலிருந்து அதிகம் போனால் நூற்றி முப்பது கிலோமீட்டர் வந்திருப்போம், ஆனால் தோலில் பிசுபிசுப்பு ஏறிவிட்டது. காய்ந்த காற்று இருந்த இடத்தில் ஈரக் காற்று.

விடுதி மொட்டைமாடியில் சித்தி துவைத்துக் காயப்போட்ட சேலை, நாலு கிளிப் போட்டும் நிற்காமல், அடுத்த வீட்டு மாடியைத் தாண்டி அதற்கடுத்த வீட்டுக் கொடியில் போய்த் தொங்கியது. கேட்கப் போன பையன் அரை மணி நேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் நடு வீட்டில் உட்கார்ந்து நேந்திரம் சிப்ஸ் தின்றுகொண்டிருக்கிறான். அந்த அம்மா சேலையை மடித்து, மேலே ஒரு மல்லிகைச் சரமும் வைத்து, எனக்கும் காபி போட்டுக்கொண்டிருந்தார். "ஆனி, ஆடியில வாரத்துக்கு ஒரு துணி எங்க வீட்டுக்கு வரும் மக்களே. போன வருசம் ஒரு பேன்ட் வந்துச்சு, இன்னும் யாரும் வந்து கேக்கல" என்றார்.

ஜூன் 8, வியாழன் – கன்னியாகுமரி

சூரிய உதயம்: மேகம். அதைப் பார்க்க நாலரை மணிக்குக் கூடியிருந்த கூட்டத்தில் ஒரு குஜராத்திக் குடும்பம், வானம் வெளுத்து ஆறரை ஆனபிறகும் நம்பிக்கை விடாமல் நின்றது. சுக்குக் காபிக்காரருக்கு நல்ல வியாபாரம், 15 ரூபாய்.

விவேகானந்தர் பாறைக்குப் படகு ஏற ஏழரைக்கே வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் இருநூறு பேர் இருக்கும். ஒன்பது மணிக்கு ஒலிபெருக்கியில் அறிவிப்பு: அலையும் காற்றும் பலமாக இருப்பதால் படகு இல்லை, நிலைமையைப் பார்த்துப் பிறகு சொல்வோம். பிறகு சொன்னது மதியம் ஒன்றரைக்கு, இன்று இல்லை என்று. இது யாருடைய தப்பும் இல்லை. பாறையைச் சுற்றித் தண்ணீர் கொதிக்கிற மாதிரி இருந்தது, திருவள்ளுவரின் பீடத்தில் அலை மோதி வெள்ளை வெள்ளையாக எழும்பியது. கடலில் இறங்கவே கூடாத நாள் என்று எனக்கே தெரிந்தது. ஆனால் இந்த மாதங்களில் வருகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு நாள் ஒதுக்கிவிட்டு, பாறைக்குப் போகாமல் திரும்புகிறவர்கள் ஏராளம் என்று பாசி மாலை விற்ற பெண் சொன்னாள்.

அஸ்தமனம் இன்னொரு ஏமாற்றம். மூன்று கடல் கூடுகிற முனை, உதயமும் அஸ்தமனமும் ஒரே இடத்தில், என்று படித்துவிட்டு வருகிறோம். ஜூனில் சூரியன் நேர் மேற்கில் மறைவதில்லை, வடக்கே தள்ளி இறங்குகிறது. முனையில் நின்று பார்த்தால் அந்தப் பக்கம் தரைதான், தென்னந்தோப்புக்குப் பின்னால் போய் மறைகிறது. கடலுக்குள் முங்குவதைப் பார்க்க அக்டோபர் பாதியிலிருந்து மார்ச் பாதிக்குள் வர வேண்டும். அந்தக் காலத்திலும் ஐப்பசி, கார்த்திகை மழை. கார்த்திகை தொடங்கித் தையில் மகரவிளக்கு முடியும் வரை சபரிமலைப் பக்தர்கள் கூட்டம், அறை கிடைக்காது. கழித்துக் கழித்துப் பார்த்தால் மாசிதான் மிஞ்சுகிறது. இதை எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஆட்டோக்காரர். கோவளம் கிராமத்துப் பக்கம் இருக்கிற அஸ்தமன முனைக்குக் கூட்டிப்போகத்தான் வந்தார், போக வர 200 ரூபாய். போகும் வழியிலேயே "மேகம் இருக்கு, தெரியாது, வேணும்னா திரும்பிருவோம், 100 குடுங்க போதும்" என்றார். தன் வருமானத்தைத் தானே பாதியாக்கிய ஆட்டோக்காரரை இப்போதுதான் பார்க்கிறேன். போய்விட்டே வந்தோம், ஒரு நிமிஷம் ஆரஞ்சு நிறம் தெரிந்தது, அவ்வளவுதான். 200-ஐ மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

இரவுச் செய்தியில் சொன்னார்கள்: கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை இன்று தொடங்கிவிட்டது. வழக்கமான தேதி ஜூன் 1, இந்த வருஷம் ஒரு வாரம் தாமதம். அரபிக்கடலில் பிபர்ஜாய் புயல் வேறு சுற்றிக்கொண்டிருக்கிறது. மழை தொடங்கிவிட்டது என்று எப்படி முடிவு செய்கிறார்கள் என்று பையன் கேட்டான். இவர் போனில் தேடி வாசித்தார். கேரளம், லட்சத்தீவு, மங்களூரு சேர்த்து 14 நிலையங்கள் வைத்திருக்கிறார்கள். மே 10-க்குப் பிறகு அவற்றில் 60 சதவீதத்தில் இரண்டு நாள் தொடர்ந்து 2.5 மில்லிமீட்டராவது பெய்ய வேண்டும். அதோடு மேற்குக் காற்றின் உயரமும் வேகமும் மேகத்தின் கனமும் பொருந்தி வர வேண்டும். "அப்ப மழை பெஞ்சா மட்டும் மழை இல்லையா?" என்றான் பையன். பதில் சொல்லாமல் விளக்கை அணைத்தோம்.

ஜூன் 9, வெள்ளி – முட்டம், குளச்சல்

நாகர்கோவிலில் காலைச் சாப்பாடு. ரசவடை இரண்டு தட்டு, 60 ரூபாய். கடையை விட்டு வெளியே வந்தபோது முதல் தூறல். ஊரில் யாரும் குடையைத் திறக்கவில்லை, நாங்கள் மட்டும் திறந்து வேடிக்கைப் பொருள் ஆனோம்.

இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அதனாலேயே பச்சை. முப்பது கிலோமீட்டருக்குள் வாழை, ரப்பர், நெல், தென்னை என்று மாறிக்கொண்டே போகிறது. மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம் மழை அதிகம், கிழக்கே அகஸ்தீஸ்வரம் பக்கம் குறைவு. தடைக்காலத்திலும் இந்தக் கணக்குதான். கிழக்குப் பக்கம் சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14. மேற்குப் பக்கம் முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31. நாங்கள் போயிருப்பது இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற இரண்டு வாரம். ஒரே மாவட்டத்தில் ஒரு விசைப்படகும் கடலில் இல்லை.

குளச்சல் சந்தையில் அதன் விளைவைப் பார்க்கலாம். மீன் விற்கிற அக்காமார் முன்னால் கூடைகள் குறைவு, குரல் அதிகம். வள்ளத்தில் வந்த சாளை மட்டும் குவியலாக இருந்தது. வயிறு வெள்ளியாக, முதுகில் நீலப் பச்சைப் பளபளப்பு, கையில் எடுத்தால் செதில் ஒட்டிக்கொள்கிறது. 100 ரூபாய்க்கு எவ்வளவு என்று சித்தி கேட்டாள். "நீங்க ஊருக்குப் போறவிய, உங்களுக்கு எதுக்கு மீனு? போற வழியில நாறும்" என்று விற்காமலே அனுப்பிவிட்டார் ஒரு அக்கா. பக்கத்துக் கடையைக் கை காட்டி, அங்கே சமைத்தது கிடைக்கும் என்றார்.

கிடைத்தது. மரச்சீனிக் கிழங்கு வேகவைத்து மசித்து, தேங்காய் அரைத்த சாளைக் கறியோடு, தட்டு 90 ரூபாய். இந்தப் பயணத்தில் சாப்பிட்டதிலேயே இதுதான். தூத்துக்குடிக் குழம்பில் இல்லாத தேங்காயெல்லாம் இங்கே வந்து சேர்ந்திருந்தது. வெளியே மழை வலுத்து, இலை எடுக்கிற பையன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓட, நாங்கள் இன்னொரு தட்டு வாங்கினோம்.

முட்டத்தில் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறைகள் கறுப்பாக நனைந்து கிடந்தன. காவலுக்கு நின்றவர் எங்களைப் பாறைக்கு இறங்க விடவில்லை. அவரும் மீனவக் குடும்பம்தான். கடல் இவ்வளவு ஆங்காரமாக இருக்கிறதே, பயமாக இல்லையா என்று கேட்டேன். "இது தெரிஞ்ச ஆங்காரம். ஆனி, ஆடியில கடல் இப்படித்தான் இருக்கும்னு பிறந்த பிள்ளைக்கும் தெரியும், யாரும் ஆழத்துக்குப் போகமாட்டாங்க. ஒக்கி புயல் வந்தது 2017 நவம்பர் 30-ஆம் தேதி. கார்த்திகை மாசம், மேற்க கடலு நல்லா இருக்குத காலம், எல்லாரும் போயிருந்தாங்க" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஜூன் 10, சனி – வர்க்கலா

களியக்காவிளை தாண்டியதும் மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. கேரளத்திலும் நேற்று நள்ளிரவிலிருந்து இழுவலைத் தடை தொடங்கிவிட்டது, ஜூலை 31 வரை 52 நாள். இந்தப் பயணம் முழுக்கவே நாங்கள் மீனுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறோமா, பின்னால் ஓடுகிறோமா தெரியவில்லை.

வர்க்கலாவில் செம்பாறைக் குன்று கடலை ஒட்டி நிமிர்ந்து நிற்கிறது. மேலே ஒற்றையடிப் பாதை ஓரமாகக் கடைகளும் விடுதிகளும். டிசம்பரில் 3,500 ரூபாய் வாங்குகிற அறை எங்களுக்கு 1,400-க்குக் கிடைத்தது. 1,400-க்கு ஏற்றபடியே இருந்தது: மெத்தையில் பூஞ்சை வாசம், தலையணை உறை ஈரம், மின்சாரம் மூன்று முறை போனது, இன்வெர்ட்டர் உண்டு என்று சொன்னவர் போனையே எடுக்கவில்லை. குன்றின் மேல் கடைகளில் பாதி நீலத் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தன. திறந்திருந்ததில் ஒன்றில் பழம்பொரியும் சாயாவும், இருவருக்கு 70 ரூபாய். கடைக்காரர் சும்மா உட்கார்ந்திருந்ததால் இரண்டாவது முறை சாயாவைத் தானே கொண்டுவந்து ஊற்றினார்.

பாபநாசம் கடற்கரைக்குப் படியிறங்கிப் போனால், கடற்கரையே இல்லை. போட்டோக்களில் பார்க்கிற அகலமான மணலை அலை தின்றுவிட்டிருந்தது, குன்றடி வரை தண்ணீர் வந்து போகிறது. ஒவ்வொரு வருஷமும் மழைக்காலத்தில் எடுத்துக்கொண்டு போய், மழை ஓய்ந்தபிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து போடுமாம் கடல். சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். இவர் முழங்கால் வரை நனையப் பார்த்தார், எங்கிருந்தோ விசில். காவலர் ஓடிவந்து, "சேட்டா, கேறி வா, கேறி வா" என்று கையைப் பிடித்தே இழுத்துவிட்டார். கோபம் இல்லை, ஆனால் இழுப்பு பலமாகத்தான் இருந்தது. கர்க்கிடக வாவுக்குப் பலி கொடுக்க ஆடி அமாவாசையன்று இதே இடத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள், அதுவும் நடு மழைக்காலத்தில். அன்றைக்கு இந்த விசில்காரர்களின் பாடு எப்படி இருக்குமோ.

இவ்வளவு குறை சொன்னாலும், எனக்குப் பிடித்த நாள் இதுதான். மழை நான் பயந்த மாதிரி நாள் முழுக்க ஊற்றவில்லை. கடலில் தூரத்தில் ஒரு சாம்பல் திரை எழும்பும். அது நகர்ந்து நகர்ந்து கரைக்கு வருவதைக் குன்றின் மேலிருந்து முழுசாகப் பார்க்கலாம். பத்து நிமிஷத்தில் நம்மேல் விழும். இருபது நிமிஷம் கொட்டிவிட்டு வெயில் அடிக்கும். நீந்த வருகிறவர்கள் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் வரட்டும். உட்கார்ந்து பார்க்க மட்டும் வருகிறவர்களுக்கு ஜூன் மலிவு. துணி மட்டும் காயாது. நேற்றுத் துவைத்தது இன்று இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே நனைந்திருக்கிறது. சித்தியின் முழங்கால் வலியும் இந்த ஈரத்தில் கூடிவிட்டது. "தூத்துக்குடி அடுப்பே மேல்டி, அங்க நடந்தேன்" என்கிறாள்.

ஜூன் 11, ஞாயிறு – புனலூர், செங்கோட்டை வழியாக

நாளைக்குப் பள்ளிக்கூடம். எட்டு மணிக்குக் கிளம்பிவிட்டோம். தென்மலை வரை வைப்பர் நிற்கவில்லை. ஆரியங்காவில் தூறல். கோட்டைவாசலைத் தாண்டி வளைவுகளில் இறங்க இறங்க மழை சாரலாக மெலிந்து, புளியரை வயல்களுக்கு வந்தபோது வெறும் குளிர்ந்த காற்று. பையன் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஈரச் சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே பிடித்துக் காயவைத்தான்.

பிரானூர் பார்டரில் பரோட்டா, நாட்டுக்கோழிச் சால்னா. நாலு பேருக்கு 620 ரூபாய். பக்கத்து மேஜையில் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம், அவர்களும் நீண்ட லீவின் கடைசி நாளை வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று பரிமாறுகிறவரிடம் கேட்டார்கள். "பாறை நனையுது. குளிக்கணும்னா இன்னும் பத்து நாள் ஆகும்" என்றார் அவர். உடனே எங்கள் பக்கம் திரும்பி, "நீங்க கேரளாவுல இருந்துதானே வர்றீங்க? இப்ப எங்க போனா நல்லா இருக்கும்?" என்று கேட்டார் அந்த வீட்டு அம்மா.

சித்தி பரோட்டாவைப் பிய்த்தபடியே கேட்டாள்: "குளிக்கப் போறீங்களா, பாக்கப் போறீங்களா, திங்கப் போறீங்களா?"

"எல்லாமும்தான்."

"அப்ப தையில வாங்க. தடைக்காலமும் இல்ல, மழையும் இல்ல, மீன் துண்டு 110 ரூபா."

அவர்கள் சிரித்துத் தலையாட்டினார்கள். கை கழுவி வெளியே வந்து பார்த்தால், அந்த வண்டி குற்றாலம் ரோட்டில்தான் திரும்பியது.